ஹார்ட் டூட்டி

"இனிமே நான் கிளாஸ் எடுக்கப்போறதில்ல" என்றாள் அத்தை.

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லதாப் போச்சு. உன் முட்டிக்கும் ஒரு விடிவு வேணாமா."

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. கிளாஸ் எடுக்கறதுக்குப் பதிலா கன்டென்ட் எடுக்கப்போறேன்."

"எதுலேருந்து எடுப்ப?"

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு நாள் பயிலரங்கு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். 'சமூக ஊடகம் வழியே கற்றல்' என்று பளபளக்கும் எழுத்தில் அச்சடித்த துணிப்பை நாற்காலியின் முதுகில் தொங்கியது. கழுத்தில் மாட்டிய அட்டையை இன்னும் கழற்றவில்லை. தட்டில் விழுந்துவிடாமலிருக்க அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க இருக்காங்க? போன்ல இருக்காங்க. அப்ப நாமளும் எங்க இருக்கணும்? போன்ல இருக்கணும். அங்க வந்த நிபுணர் அப்படித்தான் சொன்னாரு."

"பாத்ரூம்லகூடத்தான் ரொம்ப நேரம் இருக்காங்க. அங்கயும் போயிப் பாடம் நடத்துவியா?"

எதிரே உட்கார்ந்திருந்த அத்தையின் அண்ணன் மகளுக்குப் புரையேறியது. வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்க் குவளையைத் தேடினாள்.

"சிரிடி, நல்லா சிரி" என்றாள் அத்தை. "இதுல உனக்கும் வேலை இருக்கு."

"எனக்கு என்ன அத்தை வேலை?"

"நீதான் புடிக்கப்போற."

"எதப் புடிக்கணும்?"

"போன."

அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வீட்டில் அத்தை ஒன்றைச் சொல்லிவிட்டால் அது முடிந்த விஷயம். அண்ணன் மகள் குடியிருந்தது அத்தை வீட்டு மாடி அறையில். வேலை பார்த்தது அத்தையின் துறையில். அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததே தான் ஒரு வார்த்தை சொன்னதால்தான் என்று வாரம் ஒருமுறையாவது அத்தை நினைவூட்டத் தவறியதில்லை.

அத்தை பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறையில் விரிவுரையாளர். அதற்கு முன்னால் பெரிய மருத்துவமனை ஒன்றின் வார்டில் செவிலியாக இருந்தாள். தான் நடந்து வந்தால் டாக்டர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள் என்று சொல்லுவாள். வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இரவுப் பணியும் முட்டிவலியும் சேர்ந்து விரட்டவே மேற்படிப்புப் படித்து, படுக்கைப் புண்ணைப் பற்றி ஓர் ஆய்வேட்டை எழுதி, ஆசிரியையாக வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் விரும்பிப் படித்தது அறைக் கதவில் மாட்டியிருந்த தன் பெயர்ப்பலகை ஒன்றைத்தான்.

அவள் நல்ல ஆசிரியை என்றும் சொல்லிவிட முடியாது. பத்து வருஷமாக அதே நகைச்சுவையை அதே இடத்தில் சொல்லி, அதே இடத்தில் தானே சிரித்துக்கொள்ளுவாள். ஆனால் தொண்டை இருந்தது. கடைசி வரிசையில் கன்னத்தில் கைவைத்துத் தூங்கும் பெண்ணின் தூக்கத்துக்குள்ளும் புகுந்து அவளை எழுப்பிவிடும் தொண்டை. கூடவே ஒரு பொல்லாத வழக்கமும் இருந்தது. மருந்து அளவுக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நாளில் கையில் சிரிஞ்சை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பாள். திடீரென்று ஒருத்தியின் முன்னால் நின்று சிரிஞ்சை நீட்டுவாள். அந்தப் பெண் அளவைச் சொல்லி, சிரிஞ்சில் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டும்வரை நகரமாட்டாள். வகுப்பு முழுக்கக் காத்திருக்கும். பெண்கள் அவளுக்கு 'ஸ்பீட் பிரேக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஸ்பீட் பிரேக்கரை யாருக்கும் பிடிக்காது. அத்தைக்கு அது தெரியும்.

"இத்தன வருஷத்துல ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது, கிளாஸ் முடிஞ்சு வந்து நல்லா இருந்துச்சு மேடம்னு சொல்லியிருக்காளா?" என்று ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். கேள்வி குழாயைப் பார்த்துக் கேட்கப்பட்டதால் யாரும் பதில் சொல்லவில்லை. பயிலரங்கில் பயிற்சிக்காக அவள் போட்ட முதல் படத்துக்கு முன்பின் தெரியாத நாற்பது பேர் ஹார்ட் போட்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கிடைக்காதது அரை மணி நேரத்தில் கிடைத்தால் யாருக்குத்தான் உச்சி குளிராது? அத்தைக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது.

மறுவாரமே வகுப்பறைக்கு ஒரு வளைய விளக்கு வந்தது. முக்காலி வந்தது. முன்வரிசைப் பெஞ்சு விளக்குக்கு இடம் விட்டுச் சுவரோரம் போனது. அண்ணன் மகள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தை உதட்டுச் சாயம் சரிபார்த்துக்கொண்டு வெள்ளைப் பலகையின் முன்னால் நிற்பாள். பயிலரங்கு நிபுணர் மூன்று கட்டளைகள் கொடுத்து அனுப்பியிருந்தார். அரை நிமிஷத்துக்கு மேல் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். முதல் மூன்று நொடிக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும். யாரும் சத்தம் வைத்துப் பார்ப்பதில்லை, ஆகையால் குரலை எடுத்துவிட்டு இசையைப் போடுங்கள்.

மூன்றாவது கட்டளையைத்தான் அத்தை மிகுந்த பக்தியோடு கடைப்பிடித்தாள். ஆசிரியையாக அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தொண்டை. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துள்ளலான இசைக்கு ஏற்றபடி பலகையில் எழுதிக் காட்டி, திரும்பி ஒரு புன்னகை புரிவாள். கீழே இரண்டு மொழியில் இரண்டு வரி விளக்கம் வேண்டும். அதை எழுதுவதும் அண்ணன் மகள் தலையில்தான் விழுந்தது. எதை எழுதிக்கொடுத்தாலும் அத்தை அதன் கடைசியில் பூங்கொத்து ஒன்றை ஒட்டிவிடுவாள்.

துறைத் தலைவருக்கு இதெல்லாம் மிகவும் பிடித்துப்போனது. சமூக ஊடகத்தில் குழுவுக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவர். ஆனால் எந்த வரைபடமாவது இடதிலிருந்து வலதுக்கு ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படுவார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தை அவருக்கு அப்படி ஒரு படம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளைகள் பாடத்தில் எவ்வளவு ஆர்வமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் அதைக் காட்டினார். ஏற்றம் கொஞ்சம் தளர்ந்த ஒரு வாரத்தில், வீடியோவுக்கு ஹார்ட் போடுகிறவர்களுக்குப் பங்கேற்பு மதிப்பெண் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டச் சொன்னார். அதன்பிறகு ஏற்றம் தளரவே இல்லை.

அண்ணன் மகளின் வேலை செய்முறைக்கூடத்தில். அங்கே ஆறு கட்டில்களில் ஆறு பொம்மைகள் படுத்திருக்கும். மாணவிகள் அவற்றுக்கு ஊசி போடுவார்கள், கட்டுக் கட்டுவார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். இவள் பயிற்றுநர். ஒரு பெண்ணின் கை சரியாகிவிட்டது, இனி அவளை உண்மையான நோயாளியின் பக்கத்தில் விடலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் இவள். அதிகம் பேசமாட்டாள். பொம்மைகளோடு பழகிப் பழகி அப்படி ஆகிவிட்டாள் என்று மாமா கேலி செய்வார்.

ஒரு நாள் கூடத்தின் மூலையில் ஒரு பெண் மடியில் ஏழெட்டு போன்களைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டுத் தொட்டுக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். பட்டாணி உரிப்பது மாதிரி இருந்தது.

"என்ன பண்ற?"

"ஹார்ட் டூட்டி மேம்" என்று அந்தப் பெண் எழுந்து நின்றாள். போன்கள் சரிந்தன.

"என்ன டூட்டி?"

"எங்க ரூம்ல இன்னிக்கு நான் மேம். மேடம் வீடியோ வந்ததும் எல்லாரோட போன்லயும் ஹார்ட் போடணும். நாளைக்கி வேற ஆளு. வார்டு டூட்டி மாதிரியே ஷிஃப்ட் போட்டு வெச்சிருக்கோம்."

"அப்ப வீடியோவ யாரு பாக்கறது?"

அந்தப் பெண் உண்மையாகவே யோசித்தாள். "பாக்கறதுக்கும் ஒருத்தி இருக்கா மேம். பாத்துட்டு கடைசி ஆன்சர மட்டும் எங்க குரூப்ல போடுவா. மேடம் இல்லாத குரூப்ல."

"கணக்க யாரு போடறது?"

"அதான் மேடம் போட்டுடறாங்களே மேம்."

அன்று மாலை அதை அண்ணன் மகள் மாமாவிடம் சொன்னாள். மாமா பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க டிப்போல ஒருத்தன் பத்துப் பேரோட கார்ட எடுத்துட்டுப் போயி மெஷின்ல அடிச்சுட்டு வருவான்" என்றார் அவர். "புடிச்சு சஸ்பெண்ட் பண்ணினோம். இங்க மார்க் போடறீங்களா? நல்ல படிப்புதான்."

"அத்தைகிட்ட சொல்லலாமா மாமா?"

"சொல்லேன். ஷிஃப்ட் சார்ட் நல்லா போட்டிருக்காங்கன்னு அதையும் ஒரு வீடியோ எடுப்பா."

அவள் சொல்லவில்லை. அத்தையிடம் எதையும் சொல்லிப் பயனில்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்குமே ஒரு முடிவு இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த வீடியோ வந்தது. மூன்றாம் ஆண்டுப் பெண்கள் வார்டுக்குப் போவதற்கு முந்தின வாரம். குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு நான்கு மில்லிகிராம் மருந்து. நோயாளிக்குத் தேவை பத்து மில்லிகிராம். எத்தனை மில்லிலிட்டர் இழுக்க வேண்டும்? பத்தை நான்கால் வகுத்தால் இரண்டரை. அத்தை பலகையில் 2.5 என்று சரியாகத்தான் எழுதினாள். எழுதும்போது முழங்கை பட்டு இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் மை தீற்றிக்கொண்டது. திரும்ப எடுக்கலாம் என்றாள் அண்ணன் மகள். இசை முடியப்போகுது, அப்புறம் பாத்துக்கலாம் என்றாள் அத்தை.

அப்புறம் அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்றால், அந்த மைத் தீற்றலின் மேல் கொழுகொழுவென்று ஒரு சிவப்பு ஹார்ட்டை ஒட்டிவிட்டாள். தீற்றல் மறைந்தது. கூடவே புள்ளியும் மறைந்தது. திரையில் இப்போது ஒரு இரண்டு, ஒரு ஹார்ட், ஒரு ஐந்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. குரல் இருந்திருந்தால் 'இரண்டரை' என்று அந்தத் தொண்டை தெரு முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கும். குரல் இருந்த இடத்தில் இசை துள்ளிக்கொண்டிருந்தது.

அத்தை எடுத்ததிலேயே அதிகம் ஓடிய வீடியோ அதுதான். வகுப்பு முழுக்க ஹார்ட். 'சூப்பர் மேடம்', 'இப்பதான் புரிஞ்சது மேடம்', 'மேடம் டிரஸ் செம'. பிறகு அது வெளியே பரவி, யார் யாரோ பகிர்ந்து, வெளியூர்ப் பிள்ளைகளும் வந்து ஹார்ட் போட்டார்கள். அத்தை சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எண்ணிக்கை ஏறுவதைப் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை செய்முறைக்கூடத்தில் அதே கணக்கை அண்ணன் மகள் கொடுத்தாள். முதலில் வந்தவள் வகுப்புத் தலைவி. லீடர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஐந்து மில்லி சிரிஞ்சை எடுத்தாள், குப்பியிலிருந்து நிறைய இழுத்தாள், பொம்மையின் தோளில் குத்தினாள், தள்ளினாள். அத்தோடு நிற்கவில்லை. இன்னொரு குப்பியை உடைத்து மறுபடி இழுத்தாள்.

"என்ன இது, ரெண்டாவது?"

"அஞ்சு வாட்டி போடணும் மேம்" என்றாள் லீடர், குறி தப்பாமல் குத்திக்கொண்டே. "இருபத்தஞ்சு மில்லி. சிரிஞ்ச் அஞ்சுதானே."

அண்ணன் மகள் தடுக்கவில்லை. எதுவரை போகிறாள் பார்க்கலாம் என்று நின்றாள். மற்றப் பெண்கள் சுற்றி நின்று ஒருத்திக்கு ஒருத்தி சிரிஞ்சை நிரப்பி நிரப்பிக் கொடுத்தார்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. நான்காவது சிரிஞ்சில் பொம்மையின் தோள் பலூன் மாதிரி உப்பியது. ஐந்தாவதில் தையல் விட்டுத் தண்ணீர் பீய்ச்சி லீடரின் கண்ணாடியில் அடித்தது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"இது நிஜ ஆளா இருந்தா?" என்றாள் அண்ணன் மகள்.

சிரிப்பு நின்றது.

"பத்த நாலால வகுத்தா எவ்வளவு?"

யாரோ ஒருத்தி பின்னாலிருந்து மெதுவாக, "ரெண்டரை" என்றாள். லீடர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டவள் குரலில் சொன்னாள்: "ஆனா மேடம் வீடியோல இருபத்தஞ்சுன்னுதான் இருக்கு மேம். நான் ஹார்ட்கூட போட்டேன்."

அன்று மாலை அண்ணன் மகள் அத்தையின் முன்னால் போனை வைத்தாள். விரலால் ஹார்ட்டின் மேல் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு அடியில புள்ளி இருக்கு அத்தை."

அத்தை கண்ணாடியை மேலே ஏற்றினாள், கீழே இறக்கினாள். "இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா தெரியல. பிள்ளைங்க இருபத்தஞ்சு மில்லி குத்தறாங்க."

"எந்த மடச்சி குத்தினா?"

"எல்லாரும். லீடர் குத்தினா, மத்தவங்க நிரப்பிக் குடுத்தாங்க."

அத்தையின் முகம் ஒரு கணம் பழைய வார்டு முகமாக மாறியது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்றே அண்ணன் மகளுக்குப் பட்டது. பிறகு கணம் போய்விட்டது.

"வெள்ளிக்கிழம மதிப்பீட்டுக் குழு வருது, தெரியுமில்ல உனக்கு?" என்றாள் அத்தை. "டிஜிட்டல் கற்றல் மையம்னு ஒண்ணு தொடங்கறாங்க. அதுக்கு நான்தான் இயக்குநர்னு தலைவர் வாய்விட்டுச் சொல்லிட்டாரு. தனி அறை, தனி ஏசி. அவங்களுக்கு இந்த வீடியோவத்தான் முதல்ல காட்டப்போறோம். இப்ப அதத் தூக்கிட்டா எண்ணிக்கையெல்லாம் போயிடும்டி."

"திங்கக்கிழம பிள்ளைங்க வார்டுக்குப் போறாங்க அத்தை."

"அவங்களுக்கு நீ சொல்லிக்குடு. நீதானே பயிற்றுநர்."

"வெளியூர்ல பாக்கறவங்களுக்கு யாரு சொல்றது?" அவள் திரையைத் தள்ளிக் கீழே காட்டினாள். யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'எங்க காலேஜ்லயும் இதத்தான் பாத்துப் படிக்கறோம் மேடம். அடுத்த வாரம் எங்களுக்கும் வார்டு. ரொம்ப தேங்க்ஸ்.'

அத்தை அதை இரண்டு முறை படித்தாள். "பாத்தியா" என்றாள் மாமாவைத் திரும்பிப் பார்த்து. "வெளியூர்லேருந்தெல்லாம் எழுதறாங்க."

மாமா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது. சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

புதன்கிழமை அண்ணன் மகள் கூடத்தின் வாசலில் ஒரு வாளியை வைத்து எல்லாப் போன்களையும் அதில் போடச் சொன்னாள். பிரசவ அறையில் குழந்தையைப் பிரிகிற மாதிரி பெண்கள் அந்த வாளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு அளவு கொடுத்து, தாளில் கணக்குப் போடச் சொல்லி, சிரிஞ்சில் கோட்டைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். பாதிப் பேருக்கு வகுக்கவே வரவில்லை. ஒருத்தி அழுதாள். லீடர் மூன்றாவது முயற்சியில் தேறினாள். தேறியவர்களுக்குக் கையெழுத்துப் போட்டாள், தேறாதவர்களுக்குப் போடவில்லை.

வியாழக்கிழமை காலையில் துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அத்தையும் அங்கே இருந்தாள், அவர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு.

"என்னம்மா இது, பாதிப் பேருக்குக் கையெழுத்தே இல்ல?" என்றார் தலைவர். "நாளைக்கி குழு வர்ற நேரத்துல, மூணாம் வருஷத்துல பாதிப் பேர் வார்டுக்குப் போகலன்னா கேக்கமாட்டாங்களா? ஆர்வம் தொண்ணூறு சதவீதம்னு நான் படம் போட்டு வெச்சிருக்கேன்."

"ஆர்வம் இருக்கு சார். வகுக்கத்தான் தெரியல."

"அது இந்த ரெண்டு நாள்ல வந்துடும்மா. போட்டுடு."

"வராது சார்."

அவள் அதற்கு முன்னால் அந்த அறையில் அவ்வளவு பேசியதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தமே உயராமல் மீதியையும் சொன்னாள். அந்த வீடியோவில் அளவு பத்து மடங்காகத் தெரிகிறது. அதை நீக்க வேண்டும். நீக்காவிட்டால், நாளை குழு செய்முறைக்கூடத்துக்கு வரும்போது தையல் விட்ட பொம்மையைக் காட்டி, அது ஏன் விட்டது என்று தானே சொல்லிவிடப்போவதாகச் சொன்னாள்.

தலைவர் அத்தையைப் பார்த்தார். "எந்த வீடியோ? அந்த அதிகமா ஓடின வீடியோவா?"

"அதேதான் சார்" என்றாள் அத்தை.

"அதப் போயி எடுக்கச் சொல்றாளே!" என்றார் அவர், பெற்ற பிள்ளையைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்ன மாதிரி. பிறகு கொஞ்சம் யோசித்து, "இத உங்க வீட்லயே பேசித் தீத்துக்கங்க" என்று இருவரையும் அனுப்பிவிட்டார்.

அன்று மதியம் வீடு வந்ததும் வராததுமாக அத்தை தட்டுகளை அலம்பிய சத்தம் மாடிவரை கேட்டது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். அவள் மாடி அறைக்கு வந்ததே அபூர்வம். கட்டிலின் நுனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லா விழுது இந்த ரூம்ல" என்றாள். பிறகு, "கோவமா?"

"இல்ல அத்தை."

"எனக்குத் தெரியாதா? ரெண்டரைக்கும் இருபத்தஞ்சுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? வார்டுல நான் ஒரு தடவகூட அளவு மாத்திக் குடுத்ததில்ல. ஒரு தடவகூட."

"தெரியும்."

"அப்பறம் ஏன் அவர் முன்னாடி அப்படிச் சொன்ன?"

"பிள்ளைங்களுக்குத் தெரியாதே அத்தை."

அத்தை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உதட்டுச் சாயம் பாதி போயிருந்தது. "ஆயிரக்கணக்குல பாத்திருக்காங்கடி. ஒருத்தி, ஒரே ஒருத்தி, மேடம் இது தப்பா இருக்கேன்னு கேட்டிருக்கக் கூடாதா? அத்தன ஹார்ட்ல ஒரு கேள்வி வந்திருக்கக் கூடாதா? கிளாஸ்ல நிக்க வெச்சுக் கேட்டப்பகூட நாலு பேரு எதுத்துப் பேசுவாளுங்க."

அத்தை இறங்கி வருகிறாள், கெடுக்க வேண்டாம் என்று அண்ணன் மகள் நினைத்தாள். அத்தை போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தாள். இசை துள்ளியது. அவள் விரல் வீடியோவை நீக்கும் பொத்தானின் பக்கம் போனது. அதன் மேல் நின்றது.

"நான் ஒண்ணு கேப்பேன். தட்டாம செய்வியா?"

"என்ன அத்தை?"

"நீ புதுசா ஒரு அக்கவுன்ட் திறந்துக்கோ. ஸ்டூடன்ட் மாதிரி. இதுக்குக் கீழ வந்து, மேடம் நடுவுல புள்ளி விட்டுப்போச்சே, ரெண்டரைதானே வரணும்னு எழுது. நான் உடனே பதில் போடறேன். சபாஷ், யாரு கவனிக்கறீங்கன்னு பாக்கத்தான் வேணும்னே மறைச்சேன்னு. அத அப்படியே எல்லாத்துக்கும் மேல பின் பண்ணி வெச்சுடறேன். வர்றவங்க எல்லாரும் சரியானத பாப்பாங்க. உனக்கும் நிம்மதி, எனக்கும் மானம் போகாது. குழுவுக்கும் பிள்ளைங்க எப்படிக் கேள்வி கேக்கறாங்கன்னு காட்டலாம்."

"வீடியோவ எடுக்கமாட்டீங்களா?"

"எடுத்துட்டா நீ எழுதறது எங்கடி நிக்கும்?" என்றாள் அத்தை, அவளுக்கு இவ்வளவுகூடப் புரியவில்லையே என்ற பரிதாபத்தோடு. எழுந்து முட்டியை நீவிவிட்டுக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பி நின்றாள். "ரெண்டு மொழியிலயும் எழுது. கடைசில ஒரு ஹார்ட் போட்டுடும்மா. அது இல்லன்னா ஸ்டூடன்ட்னு யாரும் நம்பமாட்டாங்க."